கடன் வாங்கிக் கழித்தல்

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கடன் வாங்கிக் கழித்தல். ஒன்றாம் இடத்தில் போதாமல் போனால் பத்தாம் இடத்திலிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியதற்கு அடையாளமாக அந்த எண்ணைச் சாய்வாக ஒரு கோடு போட்டு அடித்து, அதன் தலைமேல் ஒன்று குறைத்துப் பொடியாக எழுத வேண்டும். பென்சிலை அழுத்தி அழுத்தி அடித்தாள். அந்தச் சாய்வுக் கோடு என்னை ஏதோ செய்தது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை. சாப்பிட்டு, மறுநாளைக்கு மருந்துப் பெட்டியை எடுத்துவைத்து, விளக்கணைத்துப் படுத்த பிறகுதான் அது எங்கே பார்த்த கோடு என்று தெரிந்தது. நான் படித்த கல்லூரிப் பண்ணையின் வரலாற்றுத் தாளில். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு தாள் உண்டு: பிறந்த தேதி, தாய் எண், தகப்பன் எண், சினை ஊசி போட்ட நாள்கள், கன்று ஈன்ற நாள்கள், 305 நாள் கறவைக் கணக்கு. மாடு பண்ணையை விட்டுப் போனதும் தாளின் குறுக்கே, கீழ்மூலையிலிருந்து எதிர் மேல்மூலைக்கு, ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு. படித்து முடித்து 18 வருடம் ஆகிவிட்டது. எத்தனையோ மாடு பார்த்தாயிற்று. சில மாடுகள் நான் ஊசியைக் கையில் பிடித்திருக்கும்போதே தலையைச் சாய்த்திருக்கின்றன. அவை ராத்திரியில் வருவதில்லை. இந்தக் கோடு வருகிறது.

மாட்டை இப்படிப் பண்ணையிலிருந்து விலக்குவதற்குப் பாடப் புத்தகத்தில் பெயர் கல்லிங். விவசாயிகளுக்கான கையேட்டைத் தமிழில் எழுதும்போது யாரோ அதைக் 'கழித்தல்' என்று போட்டிருக்கிறார்கள், அதுவே நின்றுவிட்டது. தரம் குறைந்த மாடுகளைக் கழித்தல், வயது முதிர்ந்த ஆடுகளைக் கழித்தல், முட்டையிடாத கோழிகளைக் கழித்தல். எழுதியவர் மனதில் கணக்குத்தான் இருந்திருக்கும். ஆனால் தமிழில் அந்தச் சொல் கணக்கோடு நிற்பதில்லை. பொழுதைக் கழிக்கிறோம். பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்கிறோம். ஜவுளிக்கடையில் ஆடிக் கழிவு எவ்வளவு என்று கேட்கிறோம். மாடு ஓட்டுகிற கோலுக்கும் கழி என்று பேர், கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கும் உப்பங்கழிக்கும் அதே பேர். இதையெல்லாம்விட விசித்திரம், மிகுதியைச் சொல்லும் உரிச்சொற்களின் வரிசையில் நன்னூல் 'கழி'யையும் வைத்திருப்பது. கழிபேருவகை என்றால் அளவு கடந்த உவகை. இருப்பதில் குறைப்பதற்கும் இருப்பதை மீறி வழிவதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே ஒரு ராத்திரியை ஓட்டிவிடலாம். சொல்லாராய்ச்சிக்குள் நுழைந்துகொண்டால் மாட்டிடமிருந்து தப்பித்துவிடலாம் என்று மனசு போடுகிற கணக்கும் எனக்குத் தெரியத்தான் செய்கிறது.

நான் படித்த படிப்பின் பெயர் பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.ஹெச். கடைசியில் உள்ளிருப்புப் பயிற்சியும் உண்டு. சென்னை வேப்பேரியில் 1903இல் கல்லூரி தொடங்கிய காலம் முதல் இன்றுவரை, இந்த வழியில் போகிற பையனுக்கும் பெண்ணுக்கும் ஊரில் கிடைக்கிற பட்டம் ஒன்றுதான்: மாட்டு டாக்டர். பட்டத்தின் முதல் பாதியை மட்டும் ஊர் படிக்கிறது. அந்த 'அண்ட்'டுக்கு அப்புறம் வருவது அனிமல் ஹஸ்பண்டரி, தமிழில் கால்நடைப் பராமரிப்பு. முன்பாதிக்குக் கண்ணெதிரே நிற்கும் ஒரு மாடு முக்கியம். பின்பாதிக்கு மந்தை முக்கியம். காலையில் சிகிச்சைக் கூடத்தில் கால் முறிந்து வந்த வெள்ளாட்டுக்கு நாலு பேர் சேர்ந்து சிம்பு வைத்து மாவுக்கட்டுப் போடுவோம். ஆட்டு விலையைவிடக் கட்டுச் செலவு அதிகம் என்று யாராவது வாயைத் திறந்தால் பேராசிரியர் முறைப்பார். பிற்பகல் உற்பத்தி மேலாண்மை வகுப்பில் அதே ஆடு ஒரு வினாவாக வரும். அங்கே 'கழிக்கவும்' என்று எழுதாவிட்டால் மதிப்பெண் போய்விடும். காலையில் கட்டுப் போட்ட கைதான் பிற்பகல் அதை எழுதியது; நடுவில் விடுதிச் சாம்பார் சோறு. இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம். 20 மாட்டுக்குப் போதுமான பசுந்தீவனத்தை 26 மாட்டுக்குப் பிரித்துப் போட்டால் 26ம் வற்றிப்போகும். கழிக்கத் தெரியாதவன் பண்ணையை மூன்று வருடத்தில் மூடிவிடுவான் என்று ஆசிரியர் சொன்னது சத்தியமான வார்த்தை. மூடியவர்களை நானே பார்த்திருக்கிறேன். இருந்தாலும் பராமரிப்பு என்கிற சொல்லுக்குள் இது அடக்கம் என்று யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் தகப்பனைப் பராமரிக்கிறோம் என்று சொல்லும் அதே சொல்.

பண்ணையில் ஒரு ஜெர்சி கலப்பினப் பசு இருந்தது. காது வில்லையில் 148. எனக்குக் கறக்க வந்தது அதனிடம்தான். விடிகாலை நாலரைக்கு ஈரச் சிமெண்டில் கம்பூட் வழுக்கும். ஊறிய தவிடும் மூத்திரமும் கலந்த வாடை முதல் வாரம் குமட்டும், இரண்டாம் வாரத்திலிருந்து தெரியாது. மடியைக் கழுவித் துடைத்து, முதல் நாலு பீச்சைக் கறுப்புத் துணி கட்டிய குவளையில் பீச்சிப் பார்க்க வேண்டும். திரிதிரியாக நின்றால் மடிநோய். கட்டைவிரலை மடக்கிக் கறக்கக் கூடாது, காம்பு வீணாகும். முழுக் கையால் மேலிருந்து கீழாக விரல் விரலாக இறுக்க வேண்டும். மடியில் கை பட்டதும் ஆக்சிடோசின் சுரந்து, பால் இறங்கி நிற்கிற நேரம் ஏழெட்டு நிமிடம்தான். கற்றுக்கொள்கிறவனுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. மற்ற மாடுகள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு உதைக்கும், இல்லாவிட்டால் பாலை ஏற்றிக்கொள்ளும். 148 நின்றது. விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டால் உள்ளே வயிறு புரள்வது, தூரத்தில் யாரோ மூட்டையை உருட்டுவது போலக் கேட்கும். கறந்து முடித்து எழுந்திருக்கும்போது தலையைத் திருப்பி ஒருதரம் பெருமூச்சு விடும். எனக்காக விட்டதென்று சொல்ல மாட்டேன். எல்லா மாடும் பெருமூச்சு விடும்.

நான்காம் ஆண்டில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். 40 மாடுகளின் வரலாற்றுத் தாள்கள், அவற்றிலிருந்து கழிக்க வேண்டிய ஆறைக் காரணத்தோடு எழுத வேண்டும். 148க்குப் பால் மோசமில்லை. ஆனால் ஐந்து சினை ஊசி, ஒன்றும் நிற்கவில்லை; முந்தின கன்று பிறந்து 500 நாள் தாண்டிவிட்டது. என் பட்டியலில் முதல் எண் அதுதான். பிடித்த மாடு என்பதற்காக விட்டுவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று முதலில் போட்டேனோ என்னவோ, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. காரணத்தை மூன்று வரி எழுதியிருந்தேன்: சாதுவான மாடு, கறவைப் பயிற்சிக்கு ஏற்றது, ஆனாலும் என்று இழுத்து. ஆசிரியர் மூன்று வரியையும் சிவப்பில் அடித்துவிட்டு மேலே பொடியாக 'இனப்பெருக்கக் கோளாறு' என்று எழுதி, பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது 148 நின்ற இடம் காலியாக இருந்தது. முளையடியில் சிமெண்ட் தேய்ந்து வழவழவென்று இருந்தது. எங்கள் பட்டியல் வெறும் பயிற்சி, பண்ணை ஏலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும். 21 வயதுப் பையன்கள் எழுதிக் கொடுத்ததை வைத்து அரசாங்க மாட்டை ஏலம் விடுவார்களா? ஆனால் கேட்டிருக்கலாம். பண்ணை ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. பக்கத்து மாட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து கறக்க ஆரம்பித்தேன். அதற்குள் கை பழகிவிட்டிருந்தது, ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஊட்டச்சத்துப் பிரிவில் ஒரு எருது இருந்தது. பசித்தால் இடது விலாவுக்குப் பின்னால் ஒரு குழி உள்வாங்குமே, அந்த இடத்தில் வயிறு வரைக்கும் துளை போட்டு ரப்பர் வளையம் பொருத்தி, அதற்கொரு மூடியும் போட்டிருந்தார்கள். மூடியைத் திறந்து முழங்கைக்கு மேல் கையை விட்டால் அசையூண் வயிறு. அரைத்த தீவனத்தைப் பொடிக் கண் நைலான் பைகளில் கட்டி உள்ளே விடுவோம்; 24 மணி நேரமோ 48 மணி நேரமோ கழித்து எடுத்து, அலசி, உலர்த்தி, நிறுப்போம். வைத்த எடையிலிருந்து எடுத்த எடையைக் கழித்தால் செரித்தது எவ்வளவு என்று வரும். காய்ச்சல்காரன் நெற்றியைவிடச் சூடாக இருக்கும் உள்ளே. வயிற்றுச் சுவர் நிமிடத்துக்கு ஓரிரு முறை அலைபோல வந்து கையைக் கவ்வி விடும். நான் தோள்வரைக்கும் அதற்குள் இருக்கும்போது அது அசைபோட்டுக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். என்ன சோப்புப் போட்டாலும் அந்தப் புளித்த வாடை ராத்திரிவரை போகாது, விடுதியில் கரண்டியால் சாப்பிடுவோம். கறவையில்லை, உழவில்லை, கன்றில்லை. பாடப் புத்தகக் கணக்குப்படி அதைப்போல உதவாத மாடு அந்த வளாகத்திலேயே கிடையாது. ஆனால் எந்தக் கழித்தல் பட்டியலிலும் அதன் எண் வராது. துளை இருந்ததால் அதற்கு இடம் இருந்தது.

இனவிருத்தி வகுப்பில் பலகையில் மணியைக் கவிழ்த்தாற்போல ஒரு கோடு வரைவார்கள். வலது ஓரத்தை மட்டும் சாக்பீஸால் நிரப்பி, 'இவைதான் அடுத்த தலைமுறையின் பெற்றோர்' என்பார்கள். மீதி இடம் வெறும் பலகை. தேர்வில் தோற்றவனை விடுதியில் 'உன்னைக் கழிச்சிட்டாங்கடா' என்று கேலி செய்வோம்; அது அந்தப் பலகையிலிருந்து வந்த கேலி. அமெரிக்காவின் அயோவாவில் ஜே லஷ் என்பவர் 1937இல் எழுதிய இனவிருத்திப் புத்தகம்தான் இந்தத் துறைக்கு அடித்தளம். தேர்ந்தெடுத்தவை மந்தைச் சராசரியைவிட எவ்வளவு மேலோ, அதை மரபுத்திறனால் பெருக்கினால் வருவது அடுத்த தலைமுறையின் முன்னேற்றம். அழகான சூத்திரம், அதன் அழகில் நானும் மயங்கியிருக்கிறேன். பாலுக்கு மரபுத்திறன் ஏறக்குறைய கால் பங்கு. மாட்டுக்கு மாடு பாலில் தெரிகிற வித்தியாசத்தில் வழிவழியாக இறங்குவது அவ்வளவுதான். மீதியில் பெரும்பகுதி தீவனம், தண்ணீர், வெயில், கறக்கிற கை. ஆனால் சிவப்புக் கோடு எப்போதும் மாட்டின் தாளில்தான் விழுகிறது, வெயிலின் தாள் என்று ஒன்று கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் இருந்த ராபர்ட் பேக்வெல், ஆட்டையும் மாட்டையும் முறைப்படி தேர்ந்து பெருக்கியவர்களில் முன்னோடி. தன் சிறந்த கால்நடைகளின் எலும்புக்கூடுகளையும் உப்புநீரில் ஊறவைத்த இறைச்சித் துண்டங்களையும் வீட்டில் காட்சிக்கு வைத்திருந்தார். வந்தவர்களுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவாராம். தேர்ந்தவற்றின் எலும்பு மிஞ்சியது. தேறாதவற்றுக்கு அதுவும் இல்லை.

அப்பத்தா வேறொன்றை மிச்சம் வைத்தாள். மாடு விற்கும்போது கயிறு கொடுக்க மாட்டாள். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவந்து மாட்டிக்கொள்ள வேண்டும். பழைய தலைக்கயிற்றை அவிழ்த்து எரவாணத்தில் செருகிவிடுவாள். கயிற்றோடு போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருக்கும்போது இவள் கவனமெல்லாம் அந்த முடிச்சின் மேலேயே இருக்கும். எரவாணத்தில் ஐந்தாறு கயிறு இருந்தன. இது செவலையோடது, இது கொம்பு உடைஞ்ச மயிலையோடது என்று தொட்டுச் சொல்லுவாள். செவலைக்கு வலது கண்ணோரம் ஒரு வெள்ளை மசிறு, முதுகுச் சுழி கொஞ்சம் பின்தள்ளி, மழைக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்காது என்று அரை மணி நேரம் விவரிப்பாள். காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர் என்று பேர் வாங்காத இந்த மாதிரி மாடுகளை எங்கள் புத்தகம் 'நான் டிஸ்கிரிப்ட்' என்றது, விவரிக்க முடியாதவை. அதற்காக அப்பத்தாவைத் தூக்கிப் பிடித்துவிட்டு என் படிப்பை மட்டம் தட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அவளும் கழித்தாள். கறவை வற்றி, இரண்டு தரம் காளைக்குவிட்டு நிற்காவிட்டால் மூன்றாம் மாதம் தரகர் வந்துவிடுவார். அடிமாட்டு விலைக்குக் கேட்கிறானே என்று திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள். நாம் துணிக்கடையிலும் பழைய இரும்புக் கடையிலும்கூடச் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை, அடிமாட்டு விலை. கயிறு எரவாணத்தில் இருந்ததால் லாரியில் ஏறிய மாட்டுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. புதுக்கயிறு கழுத்தை இன்னும் கொஞ்சம் உரசியிருக்கும்.

அரசு வேலைக்கு வந்த பிறகு கழித்தல் என் கையெழுத்துக்கு வந்து சேர்ந்தது. 1958ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மாட்டை வெட்ட வேண்டுமானால் அது 10 வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாமல் போயிருக்க வேண்டும், அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். சான்று தருவதற்கு வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது; ஐந்து வயதுவரைக்கும் பல் பேசும். அதற்குமேல் தேய்மானம்தான். கொம்பு வளையத்தை எண்ணி இரண்டைக் கூட்டு என்பது பாடம். சந்தைக்கு வருகிற கொம்பை அரத்தால் தேய்த்து வழுக்கையாக்கி வைத்திருப்பார்கள். ஆகவே 10 என்று நான் எழுதுவது ஊகம், அரசு முத்திரையோடு. பசுவென்றால் அந்தச் சான்றுக்கும் வேலையில்லை. பசுவையும் கிடாரியையும் வெட்டக் கூடாது என்று 1976இலேயே அரசாணை. இருந்தும் கறவை நின்ற பசுக்கள் சந்தைக்கு வருகின்றன, லாரி ஏறுகின்றன, பொள்ளாச்சி தாண்டி மேற்கே போகின்றன. பாடப் புத்தகம் 'கழிக்கவும்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடும். லாரி அதற்கப்புறம்தான் கிளம்புகிறது.

கல்லூரியில் படித்துத் தேர்விலும் எழுதிவிட்டு, உறைக்காமலே விட்டுவைத்திருந்த ஒன்று உண்டு. காலையில் பருவம் தெரிந்தால் அன்று சாயங்காலம் ஊசி; சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. பருவ அறிகுறி அடங்கி 10, 12 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளியே வருகிறது. விந்து அதற்குக் கொஞ்சம் முன்னால் போய்க் காத்திருக்க வேண்டும், வெகு முன்னாலும் போகக் கூடாது. ரெண்டு மதிப்பெண் வினா அது. எங்கள் பண்ணையில் கருவூட்டல் எப்போதும் காலை ஒன்பது மணிக்கு, வகுப்புக்கு வசதியாக. 148 எத்தனை மணிக்குக் கத்தியது என்று தாளில் பத்தி கிடையாது. ஊசி போட்ட நாள் இருந்தது, நேரம் இல்லை. ஐந்து தேதிகள், ஐந்துக்கும் எதிரே 'நிற்கவில்லை'. அந்தத் தாளை வைத்துக்கொண்டு யார் பார்த்தாலும் கோளாறு மாட்டுக்குத்தான் என்று சொல்லுவார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஒருவேளை அதன் கருப்பையிலேயே ஏதாவது இருந்திருக்கலாம். கோடை வெயிலில் பருவம் சரியாகத் தெரியாமல் போயிருக்கலாம், தாதுஉப்புக் குறைவாக இருந்திருக்கலாம். இப்படி இருந்திருக்கலாம் அப்படி இருந்திருக்கலாம் என்று 18 வருடம் கழித்து ஒரு மாட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு அம்மா கலப்பினப் பசு ஒன்றை மருந்தகத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயதிருக்கும். மகளிர் குழுக் கடனில் வாங்கிய மாடு. தவணை இன்னும் முடியவில்லை. பதிவேட்டைப் புரட்டினேன்: மூன்று ஊசி, மூன்றும் நிற்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது, "இது இனி ஆகாதுங்கம்மா, கழிச்சுருங்க." அந்தம்மா கோபப்படவில்லை. "கழிக்கறதுன்னா, எங்கீங்க கொண்டுபோய்க் கழிக்கறது?" என்று கேட்டார். நிஜமாகவே இடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார், நான் விலாசம் சொல்வேன் என்பது போல. எனக்குப் பதில் இல்லாததால் வேறு கேள்வி கேட்டேன்: எப்போது கத்த ஆரம்பித்தது? "கோழி கூப்பிடறப்பவே கத்துச்சுங்க. எப்பவும் அப்பத்தான் கத்தும். நீங்க ஒம்பது மணிக்குத்தானுங்களே வருவீங்க, அதான் கறந்து வெச்சுப்போட்டு ஓட்டியாந்தேன்." பதிவேட்டை மறுபடி பார்த்தேன். மூன்று தேதிக்கும் நேராக இருந்தது என் கையெழுத்து. மாட்டை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போங்கள், சாயங்காலம் நானே வருகிறேன் என்றேன். நம்பாமல்தான் போனார்.

ஐந்தரை மணிக்கு நைட்ரஜன் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். சாளையோரம் வேப்பமரத்தடியில் கட்டியிருந்தது. மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை கேன் விளிம்பில் வழிந்து தரையில் படர்ந்தது. கோழிக் குஞ்சுகள் சிதறி ஓடின. மைனஸ் 196 டிகிரியிலிருந்து இடுக்கியால் ஒரு விந்துக் குச்சியை எடுத்தேன், துடைப்பத்து ஈர்க்கு கனம்கூட இருக்காது. அந்தம்மா ஒரு சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். தெர்மாமீட்டரை விட்டுப் பச்சைத் தண்ணீர் கலந்து 37க்குக் கொண்டுவந்து குச்சியை உள்ளே போட்டேன். 30 விநாடி. மாடு வாலைச் சுழற்றிக்கொண்டு நின்றது. "இதுக்கா காத்தால இருந்து பொறுத்தோம்?" என்று சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். எண்ணிக்கொண்டிருந்ததால் நான் பேசவில்லை. காற்று சில்லென்று வீசியது. தண்ணீர் ஆறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, சொம்பின் வாயை ஒட்டி இரண்டு கையையும் கவித்துப் பிடித்துக்கொண்டார்.